ஒச்சம்மா கழித்த நிறங்கள்

சத்தியம். சூடம் ஏற்றிக் கொண்டுவாருங்கள், உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் புளுகாக இருந்தால் போடிமெட்டு ரோட்டின் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் என் ஜீப் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போகட்டும். ஜீப்பை விற்றாயிற்று என்பது வேறு விஷயம், சத்தியம் சத்தியம்தான். ஏன் இப்படிக் கத்துகிறேன் என்றால், இந்த ஊரில் ஜீப்புக்காரர் சின்னக்காளை வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன காலத்தில், விடியற்காலைப் பனியில் யாரும் தூங்கி விழுந்துவிடக் கூடாதே என்று நான் விட்ட கதைகள் அப்படி. யானை கைகாட்டி ஜீப்பில் இடம் கேட்ட கதை. மூட்டத்தில் ரோடு தெரியாமல் மேகத்தின் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் மறுபடி இறங்கிய கதை. அதெல்லாம் கதை. இது கதையில்லை. இதோ ஜன்னல் கட்டையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெயிலில் நிற்கிறது, மார்கழிக் குளிரில் அடிவரைக்கும் உறைந்து, வெள்ளை வெளேரென்று. அது உருகவேண்டும். உருகியதும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. என் பெண்டாட்டி ஒச்சம்மாவின் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். ஆடி மாதம் செத்துப்போனவள். பின்னால் பீரோ கண்ணாடியில் இப்போது நிற்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது, கதவு திறந்து கிடந்தால் முதுகுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதில்லை. அந்த வெள்ளை அவள் முகத்தில் இருக்கிற அதே வெள்ளை. வேறு எதையாவது பார்க்கலாம். எதிர்வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்கிறது, அதுவும் வெள்ளை. மலை உச்சியில் மூட்டம் இறங்கி நிற்கிறது, அதுவும். சரி, கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடினால் டப்பா வருகிறது. பிஸ்கட் வந்த தகர டப்பா, மூடியில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு. ஒச்சம்மாவுக்கு மேக்கப் சாமான் என்றால் உயிர். ஏலக்காய் கடையில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. பேசிக்கொண்டே, பார்க்காமலே, பழுது காயை விரல் தனியாகத் தள்ளிவிடும். ஆனால் திருவிழாக் கடையிலும் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்திலும் விரித்து வைத்திருக்கிற பவுடர், மை, உதட்டுச் சாயத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த விரல் செத்துவிடும். எது மலிவோ அதுதான் கண்ணில் படும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று பூசிக்கொண்டு, திரும்பி, இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்: "என்னய்யா, எப்படி இருக்கு?" நான் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. "ஏ புள்ள, நேத்து மெட்டுல ஒரு காட்டெருமை நாவப்பழம் தின்னுட்டு நின்னுச்சு. வாயைப் பாத்தேன். அந்தக் கடைக்காரன் அதுகிட்டதான் சரக்கு எடுக்குறான்." சிரித்துவிடுவாள். சிரித்தாளென்றால் சாயம் பல்லில் ஒட்டும், அதைப் பார்த்து நான் சிரிப்பேன். முகத்தைப் பளிங்காக்கும் கிரீம் ஒன்று வாங்கினாள், தோல் உரிந்தது. "பாம்பு சட்டையை உரிச்சா வயசு குறையுமாம் புள்ள, உனக்கு இப்ப பதினாறு." கண் மை ஒன்று, பூசிய கொஞ்ச நேரத்தில் கன்னம்வரை இறங்கிவிட்டது. "எவன் செத்துட்டான்னு இப்படி அழுவுற? நான் இங்கதான இருக்கேன்?" ரோஸ் பவுடர். கெட்டியாகிப்போன நகச் சாயம், ரோட்டுக்குப் போடுகிற தார் மாதிரி. கடைசியாக ஒரு சின்ன சீசாவில் வெள்ளைக் குழம்பு, பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர். எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய் தொட்டு முந்தானையால் வழித்துத் துடைத்துவிட்டு, சாமானை அந்த டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். தூக்கி எறிய வேண்டியதுதானே என்பேன். "காசு குடுத்து வாங்குனத எறியவா? கெடக்கட்டும். அடுத்தது நல்லா அமையும் பாரு." அடுத்ததும் டப்பாவுக்குள்தான் போகும். நன்றாக அமைந்தது ஒன்றுகூட இல்லை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது மஞ்சள், குங்குமம், அவ்வளவுதான். ஊரில் யாரும் அவளை மேக்கப்போடு பார்த்ததே கிடையாது. அந்த டப்பா அவளுக்கு வேண்டாததின் டப்பா. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கிடையாது.

உருகிவிட்டதா? இல்லை. பாட்டிலின் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு மட்டும் ஈரமாக. வெயில் இன்னும் ஏறவேண்டும். டப்பா மூடிக்கு ஒரு சத்தம் உண்டு, நகத்தைக் கொடுத்து நெம்பினால் பொத்தென்று ஒரு மூச்சு விடுகிற சத்தம். அவள் செத்த அன்றைக்குப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆம்பிளைகளோடு உட்கார்ந்திருந்தேன். கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, நாலு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பொம்பளைகள் அவளைக் குளிப்பாட்டினார்கள். புருசன் உயிரோடு இருக்க, முந்திப் போகிறவள், பூவும் மஞ்சளும் குறைவில்லாமல் அனுப்பவேண்டும் என்று யாரோ சொல்வது கேட்டது. அதற்கப்புறம் என் தங்கச்சி காமுத்தாயின் குரல், தன் மருமகளைக் கூப்பிட்டு. "மதினிக்குப் பிடிச்ச சாமானெல்லாம் ஒரு டப்பாவுல சேத்து வச்சிருந்துச்சு. ஒருநாளும் போட்டுப் பாக்கல, பொத்திப் பொத்தி வச்சிருந்துச்சு பாவம். இன்னைக்காச்சும் போட்டு அனுப்புவோம். ஏ தாரணி, நீதான் பியூட்டி பார்லர் படிச்சிருக்கேல்ல?" பொத்தென்று அந்த மூச்சு. நான் எழுந்தேன். "உள்ள குளிப்பாட்டுறாக, உக்காருப்பா" என்று இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அழுத்தினார்கள். நான் சொன்னேனா? சொன்னேன். "அது வேண்டாம்னு வச்சது" என்று சொன்னேன். கொட்டு ஆரம்பித்துவிட்டது. என் வாய் அசைவதை மட்டும் பார்த்துவிட்டு, அழுகிறான் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு குங்குமம் வைக்கக் கூப்பிட்டார்கள். போனேன். வெள்ளைக்குழம்பு நெற்றியிலிருந்து கழுத்துவரை. ரோஸ் பவுடர் இரண்டு கன்னத்திலும் வட்டமாக. ஈரத்தில் மை இறங்கியிருந்தது. உதட்டில் காட்டெருமை நிறம். மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த நாடிக்கட்டுத் துணி. அவள் கழித்துப்போட்டது ஒன்று பாக்கியில்லாமல் முகத்தில் இருந்தது, அவளைத் தவிர. "இது என் பொண்டாட்டி இல்ல" என்று கத்தினேன். என்னோடு ஜீப் ஓட்டிய செல்வக்கொடி, அவனுக்கு வாய் சும்மா இருக்காது, "இந்த நேரத்துலயுமா மச்சான் கதை விடுற" என்றான். ஒருத்தர் சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார். "ச்சீ, மூளை கலங்கிப் போயிருக்கான், சும்மா இரு" என்றது இன்னொரு குரல். பாருங்கள், வாழ்நாளில் ஊரறிய ஒரு நிஜத்தைச் சத்தம்போட்டுச் சொன்னேன், அதுதான் எடுபடவில்லை. குங்குமத்தை வைத்தேன். அந்தக் குழம்பின் மேல் ஒட்டாமல் மூக்கில் வழிந்தது.

கருமாதி முடிந்து உறவெல்லாம் பஸ் ஏறின மறுநாள் காலை, சவரம் செய்துகொள்ள பீரோ முன்னால் நின்றேன். சோப்பு நுரை என்று நினைத்தேன். நான் இன்னும் சோப்புப் போடவில்லை. என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவள். என் தோள், என் பனியன், அதன்மேல் அந்த வெள்ளை முகம். நாடிக்கட்டு இருந்ததால் வாய் திறக்கவில்லை, பல்லுக்குப் பின்னாலிருந்தே வந்தது சத்தம்: "ன்னய்யா... ப்படி ருக்கு?" கத்தியைக் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவு சொல்கிறேன். நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு கதை விடவேண்டும், அவள் சிரிக்கவேண்டும், முந்தானையால் துடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நிற்கிறாள். விட்டேன். யானையை இழுத்தேன், குரங்கை இழுத்தேன். கட்டின வாயோடு எப்படிச் சிரிப்பாள்? என் கை உயர்ந்தால்தான் அவள் கை உயர்கிறது. அவளுக்கென்று கண்ணாடியில் கை இல்லை. நான் விரலால் என் கன்னத்தைத் தேய்த்தேன், அங்கே வெள்ளை அசையவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவினேன், மழையில் நனைந்த சுவர் மாதிரி இன்னும் பளபளத்தது. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. என் முகத்தில் பூசினால் அவள் முகத்தில் ஏறுகிறதா பார்க்கலாம். ஏறினால், அவள் நிறத்திலேயே ஒரு பவுடர் வாங்கி இந்த வெள்ளைக்கு மேலே பூசி மூடிவிடலாம். சிக்கந்தர் பாய் ஃபேன்சி ஸ்டோரில் போய் நின்றேன். "என்ன ஜீப்புக்காரரே, வளையலா?" "முகத்துக்குப் பூசுறது பாய்." "யாருக்கு?" "எனக்குத்தான். மெட்டுல கருங்குரங்குக் கூட்டத்துத் தலைவி என்னையப் பாத்துப் பல்லக் காட்டுது. மூஞ்சி கொஞ்சம் எடுப்பா இருந்தா பேச்ச முடிச்சிரலாம்." பாய் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "என்ன நிறம்?" என்றார். அங்கே மாட்டிக்கொண்டேன். என்ன நிறம்?

மாநிறம் என்பார்கள் ஊரில். மாநிறம் ஒரு நிறமா? பாதி ஊர் மாநிறம்தான். காப்பிக்கொட்டை வறுபடும்போது என்று ஆரம்பித்தேன், எந்த நேரத்துக் காப்பிக்கொட்டை? காய்ந்த ஏலக்காய் உடைத்தால் உள்ளே இருக்கிற விதை, அது இன்னும் கறுப்பு. மழை விட்ட மண் ரோடு. பழைய ஸ்டியரிங்கில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், அவள் மாதிரியே இருக்கிறது, பக்கத்தில் வைத்தால் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரு உவமை கைவசம் வைத்திருந்தவனுக்கு இது ஒன்று அகப்படவில்லை. அவள் படம் இருக்கிறதா என்றால், கல்யாணப் படம் கறுப்பு வெள்ளை, ஓட்டு அட்டையில் இருப்பது ஒரு நிழல். பாய் கடையிலேயே மலிவாக ஒரு டப்பா கொடுத்தார், மேலே பழுப்பாக இருந்தது, வீட்டில் வந்து பூசினால் செங்கல். அவள் முகத்திலும் ஏறிற்று, ஆமாம், ஏறிற்று, வெள்ளைக்கு மேலே செங்கல். "ப்படி ருக்கு?" அடுத்த டப்பா பன்றிக்குட்டி ரோஸ். அதற்கடுத்தது சாம்பல், அதைப் பூசினபோது நான் பயந்துவிட்டேன், எரிந்து முடிந்தவள் மாதிரி நின்றாள். அடுத்தது நல்லா அமையும் பாரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி பாய் கடைக்குப் போனேன். அவள் சொன்ன அதே சொல். அதைச் சொன்னது என் குரலா அவள் குரலா என்று கடை வாசலில் நின்று யோசித்தேன். ஒவ்வொன்றாகப் பூசப் பூச இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. பூசுவதற்கு முன்னால் அடியில் இருந்த முகம் எப்படி என்று என் புத்தியிலும் மங்கிக்கொண்டே வந்தது. பேரைச் சொன்னால் வெள்ளை முகம்தான் வருகிறது. பதினெட்டு வயதில் தாலி கட்டும்போது குனிந்திருந்த முகத்தை நினைத்தால் அதற்கும் சுண்ணாம்பு. ஜீப்பில் முன் சீட்டில் தூங்கி என் தோளில் விழுந்த முகத்துக்கும். எனக்கே இல்லாமல் போய்விட்டால் அப்புறம் அந்த முகம் எங்கே இருக்கும்? வேறு யார் வைத்திருப்பார்கள்?

பாதி உருகிவிட்டது. நடுவில் ஒரு கட்டி மிதக்கிறது, வெள்ளைத் தீவு. பாட்டிலைத் திருப்பி வைத்தேன், நிழல் பக்கம் வெயிலுக்கு வரட்டும். எண்ணெய் என்ற புத்தி எனக்கு ஏன் முதலிலேயே வரவில்லை? தாரணி வந்தாள் நேற்று, காமுத்தாயின் மருமகள், குழம்பு கொண்டு வந்தாள். நான் சாம்பல் முகத்தோடு கதவைத் திறந்துவிட்டேன். "என்ன பெரியப்பா இது, மூஞ்சியில?" "வேசம் கட்டப்போறேன் ஆத்தா, இமயமலைச் சாமியாரு." அவள் சிரிக்கவில்லை. "மட்டமான சரக்கு பெரியப்பா, தண்ணிக்குப் போகாது. எண்ணெயத் தொட்டு மேலாப்புல வழிச்சு எடுங்க. அதுக்கு மேலயே இன்னொன்னப் பூசிட்டே போனா எப்படி?" என்றாள். குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள், "பெரியம்மாவுக்கு நான் அன்னைக்குப் போட்டுவிட்டது நல்லா இருந்துச்சா பெரியப்பா? எல்லாரும் அழுதுட்டு இருந்தாக, யாருமே சொல்லல." அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "மகாலச்சுமி மாதிரி அனுப்பி வச்சிட்டத்தா" என்றேன். இவ்வளவு நேரம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். கண்ணாடிக்குள் ஒச்சம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோபப்பட்டாளா தெரியாது. அந்த முகத்தில் கோபத்துக்கும் இடமில்லை. தாரணி போன பிறகு எண்ணெய் பாட்டிலை எடுத்தால், கல். அடுப்பில் காட்டியிருக்கலாம். கொதிக்கிற வெந்நீரில் இறக்கியிருக்கலாம். காட்டவில்லை. காலையில் வெயில் வரட்டும் என்று வைத்தேன். வெயில் வந்தும், மதிலின் நிழல் விலகட்டும் என்று இந்தப் பக்க ஜன்னலில் வைத்தேன். ஏன் என்று கேளுங்கள். துடைத்த பிறகு கீழே ஒன்றுமே இல்லாவிட்டால்? வெறும் பனியன், தோள், அதற்கு மேலே பீரோவின் பச்சைப் பெயின்ட். அது ஒரு பயம். அவளே இருந்துவிட்டால்? அது இன்னொரு பயம், அது இதைவிடப் பெரிசு. அவள் எப்படி இருக்கு என்று கேட்கத்தானே வருகிறாள். துடைத்துவிட்டால் கேட்க என்ன இருக்கிறது? வேண்டாததைக் கழித்தாயிற்று, டப்பாவை மூடியாயிற்று, அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பக்கத்து அடுப்பை. நான் யார் முன்னால் நின்று கதை விடுவேன்? வெள்ளை முகத்தோடாவது இருக்கட்டுமே என்கிறது ஒரு மனசு. பாவி, அவளைக் கோமாளியாகவே நிறுத்தி வைப்பாயா என்கிறது இன்னொன்று. இரண்டும் என் குரலில்தான் பேசுகின்றன.

கட்டி கரைந்துவிட்டது. கண்ணாடி மாதிரி எண்ணெய். சாக்கு ஒன்றும் பாக்கியில்லை. கொடியிலிருந்து அவளுடைய பழைய நூல் சேலையை உருவி, தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். நின்றாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி என் நெற்றியில் வைத்தேன். அங்கே, அந்த நெற்றியில், வெள்ளை வழுக்கியது. முதல்தடவையாக அசைந்தது. சேலையால் வழித்தேன், துணியில் சாம்பல், செங்கல், பன்றிக்குட்டி, அப்புறம் அடியில் அந்தச் சுண்ணாம்பு. இன்று காலை நான் என் முகத்தில் ஒன்றும் பூசவில்லை, தெரிகிறதா? சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவின முகம். துணி மட்டும் அழுக்காகிறது. கண்ணைத் துடைத்தேன், இறங்கின மை ஏறிப் போயிற்று. கன்னம். கழுத்து. மோவாய்க்கு வரும்போது துணி எதிலோ தட்டிற்று. என் தலைக்கு மேலே காற்றில் விரலால் தடவி, இல்லாத ஒரு முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்ந்தது. அண்ணாந்து ஒரு மூச்சு விட்டாள். நான் பார்த்தேன். அந்த நிறம் எது மாதிரி என்று கேட்காதீர்கள். எது மாதிரியும் இல்லை. ஒச்சம்மாவின் நிறம். அவ்வளவு நாள் தேடினவனுக்கு ஒரு உவமையும் வேண்டியிருக்கவில்லை. ஜீப்பில் என் தோளில் விழுந்த முகம் சுண்ணாம்பு உதிர்ந்து திரும்பி வந்தது. குனிந்திருந்த முகமும் வந்தது. நான் அழவில்லை, எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது. "சுத்தமா போயிருச்சா?" என்று கேட்டாள், தெளிவாக, அவள் குரலில், வாய் திறந்து. உதட்டில் மட்டும் அந்தக் காட்டெருமைச் சாயம் அப்படியே இருந்தது. சேலைத் தலைப்பை அங்கே கொண்டுபோனேன். கொண்டுபோன கை நின்றது. அவள் முகம் லேசாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, போகிற அவசரம். "உதடு இருக்கு புள்ள" என்றேன். "அப்ப அதையும் தொடைய்யா." "எண்ணெய் தீந்துபோச்சு" என்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்." பாட்டில் என் முதுகுக்குப் பின்னால் இடது கையில் இருந்தது, முக்கால் பாட்டில், வெயில் சூடு இன்னும் ஆறாமல். என்னை உற்றுப் பார்த்தாள். இந்த ஊரே நம்பாத என் வாயை எத்தனை வருசம் பார்த்தவள் அவள். "நாளைக்கா?" என்றாள். "நாளைக்கு." சரி என்று உதட்டைச் சுழித்தாள், பல்லில் சாயம் ஒட்டியது.

அவ்வளவுதான் நடந்தது. இன்று ராத்திரியும் குளிரும், எண்ணெய் உறையும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் ஜீப்புக்காரன் புளுகு என்று சிரித்துவிட்டுப் போங்கள், அதுவும் எனக்கு நல்லதுதான். ஆனால் வெளியே போய்ப் பேசுகிற மாதிரி இருந்தால் காற்றுவாக்கில் கேட்டது என்று சொல்லுங்கள், என் பேரை இழுக்காதீர்கள். காமுத்தாயிடம் வேண்டாம், அந்தப் பிள்ளை தாரணியிடம் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, போகிற வழியில் பீரோ கண்ணாடியைத் தாண்டும்போது யாராவது, பாட்டிலில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால், நீங்கள் பார்க்கவில்லை.